ஐம்பத்து மூன்றில் ஓய்வு, அப்புறம் சீனியர் லிவிங்: பெங்களூரில் இடம் தேடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நானும் மனைவியும் வேலையை விட்டபோது எனக்கு 53, அவளுக்கு 51. மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அல்சூரில் இருபத்தாறு வருடம் இருந்த வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. கூட இருந்த என் மாமியாருக்கு அப்போது 79 வயது. இரண்டு வருடம் தேடினோம். ஒன்பது இடங்களை நேரில் பார்த்தோம், நான்கில் தங்கிப் பார்த்தோம். கடைசியில் கனகபுரா சாலைப் பக்கம் ஒரு சீனியர் லிவிங் குடியிருப்புக்கு வாடகைக்கு வந்தோம். இது மூன்றாவது வருடம்.

இந்த அனுபவத்தில் பிடிபட்ட முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபதில் இங்கே வருகிறவர் பத்துப் பதினைந்து வருடத்துக்கு யோசித்தால் போதும். சீக்கிரம் ஓய்வு பெற்றவர் முப்பது வருடத்துக்கு யோசிக்க வேண்டும். அவ்வளவு காலம் நம்மைப் பார்த்துக்கொள்ளப்போகிற நிர்வாகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து எடைபோட முடியாது. எனவே எவ்வளவு பிடித்திருந்தாலும் உடனே வாங்காதீர்கள். முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

படி 1: எந்த மாதிரி இடம் என்று தெளிவாகுங்கள்

'ரிடையர்மென்ட் ஹோம்' என்று சொன்னதுமே சொந்தக்காரர்கள் முதியோர் இல்லம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். என் அக்கா போனில் அழுதேவிட்டாள். இரண்டும் வேறு வேறு. சீனியர் லிவிங்கில் உங்கள் வீடு, உங்கள் சாவி, உங்கள் சமையலறை. கூடவே பொதுச் சாப்பாட்டுக் கூடம், வீட்டைச் சுத்தம் செய்ய ஆள், நர்ஸ், அவசர பட்டன், நடைபாதை, யோகா, கேரம் எல்லாம் இருக்கும். நன்றாக நடமாடுகிறவர்களுக்கான இடம் இது. குளிக்க, உடுத்த ஒருவர் துணை வேண்டியவர்களுக்கு 'அசிஸ்டட் லிவிங்' என்ற தனிப் பிரிவு. மறதி நோய் வந்தவர்களுக்கான பிரிவு அதிலிருந்தும் வேறு.

ஐம்பதுகளில் இருக்கும் நமக்கு முதல் வகை போதும். ஆனால் அடுத்த இரண்டும் அதே வளாகத்தில் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், எண்பது வயதில் உடம்பு தளரும்போது, அதுவரை பழகிய மனிதர்களை விட்டு இன்னொரு முறை வீடு மாற வேண்டிவரும்.

இன்னொன்று. வேலையை விட்ட முதல் ஆறு மாதத்தில் இந்த முடிவை எடுக்காதீர்கள். காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இல்லாத வெறுமை அப்போது பெரிதாகத் தெரியும். அதை நிரப்ப வீடு மாறத் தோன்றும். ஒரு வருடம் போகட்டும்.

படி 2: வயது விதியைக் கேளுங்கள்

பெரும்பாலான இடங்களில் 55 அல்லது 60 என்று ஒரு வயது வரம்பு உண்டு. கணவன் மனைவியில் ஒருவருக்கு அந்த வயதாகியிருந்தால் போதும் என்பது பல இடங்களில் வழக்கம். சில இடங்களில் 50 ஆனாலே எடுத்துக்கொள்கிறார்கள். வரம்பை எட்டும் முன்பே வாங்கி வைக்கலாம், குடியேற மட்டும் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள்.

அதோடு மூன்று கேள்விகள். வரம்பை எட்டிய துணைவர் முதலில் காலமாகிவிட்டால், வயது குறைந்தவர் தொடர்ந்து இருக்கலாமா? மகன், மகள், பேரப்பிள்ளைகள் வந்தால் வருடத்துக்கு எத்தனை நாள் தங்கலாம்? வீடு வாரிசுக்குப் போனால் அவர் அங்கே குடியிருக்க முடியுமா, இல்லை விற்கவோ வாடகைக்கு விடவோ மட்டும்தானா? இந்த மூன்றாவதை உங்கள் பிள்ளைகளிடமும் இப்போதே பேசிவிடுங்கள்.

எங்களைப் போல வயதான அம்மாவோ மாமியாரோ கூட இருந்தால் ஒரே வீட்டில் மூவர் இருக்க அனுமதி உண்டா, மூன்றாமவருக்குத் தனிக் கட்டணமா என்று பாருங்கள். சீக்கிரம் ஓய்வு பெற்ற பலர் இங்கே வருவதே பெற்றோருக்காகத்தான்.

படி 3: கணக்கு

மூன்று விதமாக வீடு கிடைக்கிறது. முதலாவது சொந்தமாக வாங்குவது. இரண்டாவது நம் ஊர் போக்கியம் மாதிரி: பெரிய தொகையை டெபாசிட்டாகக் கட்டி, காலி செய்யும்போது திரும்பப் பெறுவது. மூன்றாவது மாத வாடகை. எதை எடுத்தாலும் மெயின்டனன்ஸும் சாப்பாட்டுப் பணமும் தனி.

டெபாசிட்டில் வாடகை இல்லையே என்று மயங்கக் கூடாது. 40 லட்சம் கட்டினால், 7 சதவீத வட்டிக்கு வருடம் 2.8 லட்சம் கைவிட்டுப் போகிறது. மாதத்துக்கு 23,000 ரூபாய்க்கு மேல். அதுதான் உங்கள் நிஜ வாடகை. திருப்பித் தரும்போது எத்தனை சதவீதம் கழிப்பார்கள், எத்தனை மாதத்துக்குள் தருவார்கள், அடுத்த ஆள் வரும்வரை காத்திருக்கச் சொல்வார்களா என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வாங்குவதானால் கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு முத்திரைத்தாள் கட்டணம் 5 சதவீதம். பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் கடைசியில் 1 சதவீதத்திலிருந்து 2 ஆகிவிட்டது. 80 லட்சம் வீட்டுக்கு இந்த இரண்டு மட்டுமே 5.6 லட்சம், செஸ்ஸும் சர்சார்ஜும் அதற்கு மேல். பிடிக்கவில்லை என்று இரண்டு வருடத்தில் விற்றால் இந்தப் பணம் திரும்பாது. வயது வரம்பு இருப்பதால் வாங்க வரும் கூட்டமும் குறைவு. விற்க நாளாகும்.

இனி மாதச் செலவு. மூன்று பேருக்கு மெயின்டனன்ஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து இன்று 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 7 சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் 98,000, இருபது வருடத்தில் 1,93,000. எழுபதில் வருகிறவர் பத்து வருட எண்ணோடு நிறுத்திக்கொள்ளலாம். நாம் இருபது வருட எண்ணையும் தாண்டிப் போகிறவர்கள். ஆகவே 'இப்போது எவ்வளவு' என்று கேட்பதைவிட 'கடந்த ஐந்து வருடத்தில் ஒவ்வொரு வருடமும் எவ்வளவு ஏற்றினீர்கள்' என்று கேளுங்கள். ஏற்றும் முன் குடியிருப்பவர்களைக் கலந்துகொள்கிறார்களா என்றும் கேளுங்கள். சொல்லும் தொகையில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்பதை மறக்க வேண்டாம்.

வருமானப் பக்கம் வயதுதான் முட்டுக்கட்டை. சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. 55 முடிந்து ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம். அதிகபட்சம் 30 லட்சம். என்னைப் போல 53-இல் விட்டவர்களுக்கு அந்தக் கதவு 60 வரை திறக்காது. பி.எஃப். பென்ஷன் முழுதாகக் கிடைப்பது 58-இல். குறைந்தது பத்து வருடம் சர்வீஸ் இருந்தால் 50-க்குப் பிறகு முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, அதுவும் ஆயுள் முழுக்க. இடையில் வரும் அந்த ஏழு வருடச் செலவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஏழு வருடச் செலவு பிக்சட் டெபாசிட்டில் இருப்பது ராத்திரி தூக்கத்துக்கு மிகவும் உதவுகிறது.

பழைய வீட்டை விற்று வரும் லாபத்துக்கு வரி விலக்கு வேண்டுமென்றால் வழக்கமான வழி, இரண்டு வருடத்துக்குள் இன்னொரு வீடு வாங்குவது. டெபாசிட் கட்டிக் குடியிருப்பது வீடு வாங்கியதாகாது. இதைக் கவனிக்காமல் போக்கிய முறைக்குப் போனால் வரியில் பெரிய அடி விழும். விற்பதற்கு முன்பே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே சொந்தமாக எடுத்துவிடுங்கள். கம்பெனி பாலிசி வேலையோடு போய்விடும். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதிகள் தளர்ந்தன. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருடம் என்றாயிற்று. அந்த மூன்று வருடத்தைச் சம்பளம் வரும் காலத்திலேயே கழித்துவிடுவது நல்லது. சீனியர் லிவிங்கில் நர்ஸ் இருப்பார், ஆம்புலன்ஸ் இருக்கும். ஆஸ்பத்திரி பில்லை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

படி 4: ஊரின் எந்தப் பக்கம்

கனகபுரா சாலை, ஒயிட்ஃபீல்டு, தேவனஹள்ளி, சர்ஜாபுரா சாலை ஆகிய பக்கங்களில்தான் அதிகம் தென்படும். தேவனஹள்ளியில் காற்றும் விமான நிலையமும் வசதி, ஆனால் மல்லேஸ்வரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்வர ஒரு நாள் ஓடிவிடும். கனகபுரா சாலையில் பச்சை மெட்ரோ சில்க் இன்ஸ்டிடியூட் வரை வருகிறது. ஒயிட்ஃபீல்டில் ஊதா மெட்ரோ காடுகோடி வரை. மாதம் ஒருமுறை அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்துக்கும் சோமேஸ்வரர் கோயிலுக்கும் போக எனக்கு மெட்ரோ போதும். காரை விற்றுவிட்டேன். பிறந்த ஊர் கோவை, மதுரைப் பக்கம் என்றால் கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்குப் போய்ச்சேரும் நேரத்தையும் பாருங்கள். இரண்டு ஊர்களுக்கும் அங்கிருந்து வந்தே பாரத் உண்டு.

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டோவில் போய்ப் பாருங்கள். ஞாயிறு மதியம் பன்னிரண்டு நிமிடம் ஆன தூரத்துக்கு எங்களுக்குச் செவ்வாய் மாலை நாற்பத்தைந்து நிமிடம் ஆனது.

தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். 2024 கோடையில் போர்வெல் வற்றி, டேங்கருக்கு நகரம் முழுக்க அலைந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அந்த வருட அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தைத் திறந்தார்கள். நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு அந்தத் தண்ணீர். நீங்கள் பார்க்கும் வளாகத்துக்குக் காவிரி இணைப்பு வந்துவிட்டதா, இல்லை 'வரும்' என்கிறார்களா? 2024 மார்ச், ஏப்ரல் மாதங்களின் டேங்கர் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். நன்றாக நடத்துகிற இடத்தில் தயங்காமல் காட்டுவார்கள்.

படி 5: தங்கிப் பாருங்கள்

பல இடங்களில் பணம் கட்டி ஒரு வாரம் விருந்தினராகத் தங்கலாம். வார நாட்களில் தங்குங்கள். இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் குளியலறை. வாசல் 90 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள், சக்கர நாற்காலி சிரமமில்லாமல் நுழைய வேண்டும். தரையில் தண்ணீர் ஊற்றிக் காலால் தேய்த்துப் பாருங்கள். கைப்பிடிக் கம்பியை உடம்பு பாரம் முழுவதையும் போட்டு இழுத்துப் பாருங்கள். நாங்கள் தங்கிய ஓர் இடத்தில் அழகான ஸ்டீல் கம்பி. என் மனைவி பிடித்து எழுந்ததும் இரண்டு ஸ்க்ரூ சுவரிலிருந்து வெளியே வந்துவிட்டது. வெறும் பிளாஸ்டிக் முளையில் மாட்டியிருந்தார்கள். மாமியார் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த இடத்தை அத்தோடு விட்டோம்.

லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று பாருங்கள். கரன்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுகிறதா என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, அவசர பட்டன். மேனேஜரிடம் பகலிலேயே சொல்லி அனுமதி வாங்கிவிட்டு, இரவு இரண்டரை மணிக்கு அழுத்திப் பாருங்கள். இப்போது இருக்கும் இடத்தில் அப்படி அழுத்தியபோது நான்கு நிமிடத்தில் நர்ஸ் பெண் கதவைத் தட்டினாள். தோளில் பி.பி. கருவி, கையில் மாற்றுச் சாவிக் கொத்து. அந்தச் சாவிக் கொத்துதான் என்னைக் கவர்ந்தது. உள்ளே விழுந்து கிடப்பவர் எழுந்து வந்து தாழ்ப்பாளைத் திறக்க முடியாது என்பதை அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

மூன்றாவது, சாப்பாடு. பல வளாகங்களில் சைவம் மட்டும்தான். உங்களுக்கு மீன் குழம்பு வேண்டுமென்றால் வீட்டுச் சமையலறையில் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிடுங்கள். முதல் நாள் சாப்பாடு எங்கேயும் நன்றாகத்தான் இருக்கும். நான்காவது நாள் ரசத்தைப் பாருங்கள், புதன்கிழமை இரவுச் சப்பாத்தியைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் உப்புக் குறைக்க வேண்டியவர்களுக்கும் தனியாகச் செய்கிறார்களா, இல்லை எல்லோருக்கும் ஒரே குண்டானா?

ஒன்பது வருடமாக அங்கே இருக்கும் எண்பது வயது அம்மா ஒருவர், சாப்பாட்டு மேசையில் என்னிடம் சொன்னது: "தம்பி, சாப்பாடு நல்லாருக்கான்னு கேக்காதே. போன வருஷம் சமைச்சவரே இந்த வருஷமும் சமைக்கிறாரான்னு கேளு." ஆட்கள் அடிக்கடி மாறும் இடத்தில் சம்பளம் சரியில்லை அல்லது நடத்தும் விதம் சரியில்லை. சமையல்காரர், நர்ஸ், காவலாளி, பிளம்பர், இவர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். எந்த பிரசுரத்திலும் கிடைக்காத தகவல் அது.

குடியிருப்பவர்களிடம் கேட்க ஒரு கேள்வி: "இங்கேயிருந்து யாராவது காலி செய்துகொண்டு போனார்களா, ஏன்?" பதில் சொல்லும் விதத்திலேயே பாதி புரிந்துவிடும்.

படி 6: காகிதங்கள்

வாடகைக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன வேலை, ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டினால் போதும். வாங்குபவர்கள் கர்நாடகா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் திட்டத்தின் பதிவைப் பாருங்கள். ரெரா சட்டப்படி விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. கட்டுமானக் குறைகளை ஐந்து வருடம் வரை பில்டர் தன் செலவில் சரி செய்து தர வேண்டும். வில்லங்கச் சான்று, ஏ கத்தா (முறையான சொத்து என்ற மாநகராட்சிப் பதிவு), ஓ.சி. (கட்டடத்தில் குடியேறலாம் என்ற சான்று) மூன்றும் கையில் வராமல் பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள். ஓ.சி. இல்லாமல் மின்சார, குடிநீர் இணைப்பு தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு, அது வெறும் சம்பிரதாயக் காகிதம் இல்லை.

சீனியர் லிவிங்குக்கே உரிய ஒரு சிக்கல்: கட்டியவர் ஒருவர், சேவை நடத்துபவர் வேறொருவர். நடத்துபவரோடு ஒப்பந்தம் எத்தனை வருடம்? அவர் போய்விட்டால் புதியவரைத் தேர்ந்தெடுப்பது குடியிருப்போர் சங்கமா, பில்டரா? கார்பஸ் நிதி, அதாவது பெரிய செலவுகளுக்காக எல்லோரிடமும் வாங்கிச் சேர்த்துவைக்கும் பொதுப் பணம், யார் பெயரில் எந்தக் கணக்கில் இருக்கிறது? நாங்கள் பார்த்த ஓர் இடத்தில் இந்தக் கேள்விக்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள்.

படி 7: வாடகைக்கு ஒரு வருடம்

பதினொரு மாத ஒப்பந்தம் போட்டு வாருங்கள். பழைய வீட்டை விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். மார்ச் வெயில், ஜூலை மழை, டிசம்பர் குளிர் எல்லாவற்றையும் இங்கே இருந்து பார்த்துவிட வேண்டும்.

இந்த ஒரு வருடத்தில் நீங்கள் சோதித்துப் பார்ப்பது உங்களையும்தான். வளாகத்தில் இளையவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். "தம்பி, போன்ல படம் பெரிசா தெரியலையே" என்று காலை எட்டு மணிக்கே ஒருவர் வருவார். ஒருவருக்கு பேங்க் ஓ.டி.பி., இன்னொருவருக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட். எனக்கு இது பிடித்திருக்கிறது, முப்பது வருட ஆபீஸ் வேலையில் கிடைக்காத நிறைவு இதில் இருக்கிறது. ஆனாலும் மூன்று மாதத்தில் களைத்துப்போனேன். இப்போது செவ்வாய், வெள்ளி காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை நூலக அறையில் உட்கார்ந்துவிடுவேன், கேட்க வேண்டியதை அங்கே வந்து கேட்பார்கள். சங்கத்தின் கணக்கு வேலையும் நம் தலையில்தான் வரும். ஏற்கலாம், ஒரு பதவியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாவும் அடிக்கடி வரும். வந்த நான்காவது மாதம், தினமும் என்னோடு ஏழு சுற்று நடந்தவர் போய்விட்டார். மைசூர்க்காரர், கன்னடம் எனக்குச் சரளமானதே அவரோடு பேசித்தான். இரண்டு வாரம் அந்த நடைபாதைப் பக்கம் போகவே முடியவில்லை. ஐம்பதுகளில் இப்படி வருடத்துக்கு மூன்று நான்கு பேரை வழியனுப்ப மனசு தயாரா என்பதை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. இருந்து பார்த்தால்தான் தெரியும். என் மனைவிக்கு இது அதிகமாகவே பாதித்தது. வாரத்தில் மூன்று நாள் வெளியே ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போக ஆரம்பித்த பிறகுதான் தேறினாள். ஐம்பதுகளில் வருகிறவர்கள் காம்பவுண்டுக்கு வெளியே ஒரு வேலை, ஒரு வகுப்பு, ஒரு நட்பு வட்டம் வைத்துக்கொள்வது கட்டாயம் என்றே சொல்வேன்.

மொழி பற்றிக் கவலை வேண்டாம். பெங்களூர் வளாகங்களில் கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி எல்லாம் கலந்துதான் ஓடும். யுகாதியும் பொங்கலும் ஒரே சமையலறையில் நடக்கும். ஆனால் வேலை செய்கிறவர்களிடம் கன்னடத்தில் பேசுங்கள். நர்ஸை ஆங்கிலத்தில் கூப்பிடுவதற்கும் கன்னடத்தில் கூப்பிடுவதற்கும் இருக்கும் வித்தியாசம் அவசரத்தில் தெரியும்.

படி 8: சாமான் கட்டும் நேரம்

மூன்று படுக்கையறை வீட்டிலிருந்து இரண்டுக்கு வரும்போது பீரோக்கள்தான் முதல் தொல்லை. புது வீட்டின் அளவை தரையில் சாக்பீஸால் வரைந்து, அதற்குள் அடங்குவதை மட்டும் எடுத்துவைத்தோம். எவர்சில்வர் பாத்திரங்களில் பாதியை உறவில் கல்யாணமான பெண்களுக்குக் கொடுத்தோம். வெட் கிரைண்டரை விடவில்லை.

ஆதார், வங்கி, காப்பீடு, வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் முகவரியை முதல் மாதத்திலேயே மாற்றுங்கள். உயிலை எழுதிப் பதிவு செய்யுங்கள். நாமினி போட்டாலே போதும் என்று நினைத்துவிட வேண்டாம், நாமினி வாரிசாகிவிடமாட்டார். மருத்துவ விவரங்கள், மாத்திரைப் பட்டியல், மகளின் போன் நம்பர் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், ஒரு நகல் நர்ஸிடம் கொடுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் அதில் எழுதிவையுங்கள்.

வயதானவர் கூட இருந்தால் அவருடைய கட்டில், அவருடைய நாற்காலி, அவருடைய சுவாமி படம் மூன்றையும் முதல் லாரியில் ஏற்றி, அவர் வந்து சேரும் முன் பழைய வீட்டில் இருந்த அதே வரிசையில் வைத்துவிடுங்கள். என் மாமியார் உள்ளே வந்ததும் விளக்கு மாடத்தைத் தேடினார், கிழக்குச் சுவரில் இருந்தது. விளக்கேற்றிவிட்டு, "காபி டிகாஷன் போட்டாச்சா?" என்று கேட்டார்.